பேசக் கூடாத ஒரு மணி நேரம்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை, திருடியது. ஸ்கேன் அறை வாசலில் என் முறைக்காகக் காத்திருந்தேன். துணைக்கு யாரும் வரவில்லை. பக்கத்து அறையில் ஒரு நர்ஸ் சொன்னது காதில் விழுந்தது. "ஊசி போட்டாச்சு. ஒரு மணி நேரம் அசையாம இருங்க. பேசவே கூடாது." உள்ளே இருந்தது யார் என்று நான் பார்க்கவில்லை. ஆகவே அங்கே நானாக ஒரு லிஃப்ட் மெக்கானிக்கை உட்காரவைத்தேன்.

2

"மனைவியை இழந்த மூன்றாம் ஆண்டில் மெக்கானிக்..." (வேண்டாம். இப்போதே கைக்குட்டையைத் தேடுவீர்கள்.)

மெக்கானிக் சிரித்தார். "பேச யாரும்மா இருக்கா?" நர்ஸ் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

(ஊசியில் இருப்பது சர்க்கரை மாதிரி ஒன்று, துளி கதிரியக்கத்தோடு. அதிகம் உழைக்கும் செல்கள் அதை வாரி விழுங்கும். படத்தில் அந்த இடம் ஒளிரும். புற்றுநோய்க்கு அகோரப் பசி, அதனால் மாட்டிக்கொள்ளும். பேசினால் தொண்டைத் தசையும் உழைக்கும், அதுவும் ஒளிரும்.)

அவருக்குக் கீமோ ஆறு முறை முடிந்திருந்தது. இத்துடன் நிறுத்தலாமா என்று இந்தப் படம் சொல்ல வேண்டும்.

3

பத்து நிமிடம் வாயை இறுக மூடியிருந்தார். பிறகு, வீட்டில் தினமும் செய்வதுபோல, இல்லாத மனைவியிடம் பேச ஆரம்பித்தார். "ஏசி ஜாஸ்தி. நீ இருந்தா போர்வை கேட்டுச் சண்டை போட்டிருப்ப." ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. (மீதிப் பேச்சை மூன்று பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். அடுத்தவர் குடும்ப விஷயம்.)

4

டாக்டர் படத்தைக் காட்டினார். பழைய கட்டிகள் இருந்த இடமெல்லாம் இருண்டு கிடந்தது, நல்ல செய்தி. குரல்வளையில் மட்டும் புதிதாக வெளிச்சம்.

"ஊசி போட்டப்புறம் பேசினீங்களா? பேசலைன்னா தொண்டையிலேருந்து சதை எடுத்துப் பார்க்கணும்."

பக்கத்தில் மகள். போன மாதமே சொல்லிவிட்டாள்: "தனியாப் பேசிக்கிறத இன்னொரு தடவ பார்த்தேன்னா, வீட்டக் காலி பண்ணிட்டு உங்கள என்கூடக் கூட்டிட்டுப் போயிடுவேன்பா." அந்த வீட்டை விட்டுவிட்டால் அவர் மனைவியிடம் எங்கே போய்ப் பேசுவார்?

5

முதல் முடிவு: "ஆமா" என்கிறார். தொண்டை தப்பிக்கிறது, வீடு போகிறது.

இரண்டாவது: "இல்ல" என்கிறார். அடுத்த வாரம் அவரை மேஜையில் படுக்கவைத்து... (மேலே எழுத மனம் வரவில்லை.)

மூன்றாவதில் மகள் முந்திக்கொள்கிறாள். "நான்தான் போன் பண்ணேன் டாக்டர். என்கூடத்தான் பேசிட்டிருந்தாரு." அவருடைய போன் காலையிலிருந்து அவள் கைப்பையில்தான் கிடக்கிறது. அது அப்பாவுக்கும் தெரியும்.

எனக்குப் பிடித்தது இதுதான்; அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது. தனியாக இருப்பவன் எழுதும் மகள்கள் கொஞ்சம் அதிகமாகவே நல்லவர்களாகிவிடுகிறார்கள். அவள் வசனத்தை என் வீட்டில் உரக்கப் படித்துப் பார்த்தேன், ஒரு தடவை அல்ல, ஏழெட்டுத் தடவை.

டாக்டர் இன்னும் காத்திருக்கிறார். உங்களுக்கு அப்பா இருந்தால், மகளின் நாற்காலியில் உட்கார்ந்து நீங்களே பதில் சொல்லிவிடுங்கள். நான் எழுதினால் அது வெறும் என் ஆசையாகிவிடும்.