கழித்ததில் ஒன்று மட்டும்

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை. என் மடிக்கணினி மேல் நானே கொட்டிய காப்பியில் பிறந்தது. முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அவள் கோபக்காரிதான், ஆனால்...'

(வேண்டாம். 'ஆனால்' வந்துவிட்டால் நான் பூசி மெழுகப் போகிறேன் என்று அர்த்தம்.)

2

அவள் என் நாத்தனார். மென்பொருள் எழுதுகிறவள். என் நாவலின் ஒவ்வொரு திருத்தத்தையும் சேமித்து இணையத்தில் பிரதி வைக்கும் ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவள். எதையெல்லாம் சேமிக்க வேண்டாம் என்று சொல்ல அதில் ஒரு புறக்கணிப்புப் பட்டியல் உண்டு. வெட்டியெறிந்த பக்கங்கள் கிடக்கும் 'கழிவு' கோப்புறையை நானே அதில் சேர்த்தேன். அடுத்த வரியில் ஆச்சரியக்குறி போட்டு ஒரு விதிவிலக்கு: உள்ளே இருக்கும் ஒரே ஓர் அத்தியாயத்தை மட்டும் சேமி.

(அந்தக் கோப்பின் பெயர் 'நாத்தனார்'. அவளுடைய தலைக்கனம், வாய்த்துடுக்கு, எதிலும் மூக்கை நுழைக்கும் குணம் எல்லாவற்றையும் ஆசை தீர எழுதியிருந்தேன். நாவலிலேயே உயிருள்ள பக்கங்கள் அவைதான். எறிய மனமில்லை, வைத்துக்கொள்ளத் துணிவில்லை.)

3

காப்பியில் பழைய மடிக்கணினி பாழான பிறகு, புதுக் கணினியில் அவள்தான் எல்லாவற்றையும் இணையத்திலிருந்து இறக்கினாள்.

"நீங்க போட்ட விதிவிலக்கு வேலையே செய்யாது அண்ணி. கோப்புறையையே ஒதுக்குன்னு சொல்லிட்டா, அது உள்ள எட்டிக்கூடப் பாக்காது."

"அப்ப போச்சா?" வேறு பிரதி இல்லை.

"போகல. போன மாசம் உங்க மெஷின சரிபண்றப்ப பாத்தேன். கோப்புறைய விட்டுட்டு, உள்ள இருக்கறத மட்டும் ஒதுக்குன்னு மாத்தினேன். ஒரு நட்சத்திரக்குறி சேத்தேன், அவ்வளவுதான். அந்தக் கோப்பையும் அப்பவே ஏத்திட்டேன்."

4

முடிவு ஒன்று: அவள் அதைப் படிக்கவில்லை. (பெயரைப் பார்த்த பிறகுமா? நீங்களே நம்பமாட்டீர்கள்.)

முடிவு இரண்டு: படித்தாள், இருவரும் கட்டிப்பிடித்து அழுதோம், என் கணவர் கதவருகே நின்று... (சீ, நாடகம்.)

நடந்தது இது. "படிச்சியா?" என்று கேட்டேன்.

"படிச்சேன்." திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நான் அப்படித்தான் கத்தறேனா அண்ணி?"

என் பதிலுக்குக் காத்திராமல் அவளே தொடர்ந்தாள்.

"ஒரு வரிகூட மாத்தாதீங்க. நல்லா எழுதியிருக்கீங்க."

5

நன்றியோடு திருத்தினால் அந்த அத்தியாயம் செத்துவிடும். அப்படியே அச்சிட்டால் ஊர் அவளைப் பார்த்துச் சிரிக்கும். எழுத்தாளராக எனக்கு வழி தெரியவில்லை. அண்ணியாக ஒன்று தெரிகிறது: அவளுக்கு நான் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறேன், அதை இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவள் பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன். அதுவரை அந்த அத்தியாயத்தின் கதி உங்கள் கையில். வைப்பதா, எறிவதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் முடியாது.