கார்டு காலி

முருகவேலின் அறுநூற்று நாற்பது படங்களை நான் அழித்த நேரத்தில் எங்கள் சங்கத்தில் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். கைதட்டல் இல்லாவிட்டால் அழித்திருக்க மாட்டேன்.

சங்கம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கேமரா பைத்தியம் பிடித்த பதினொரு பேர். ஞாயிற்றுக்கிழமை காலையில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கண்ணாயிரம் அண்ணன் நடத்தும் லாட்ஜின் மொட்டைமாடிக் கொட்டகையில் கூடுவோம். வாரம் ஒருவர் தனக்குத் தெரிந்த வித்தையை மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். பாடம் தொடங்கும் முன் எல்லா கேமராவையும் மேசையில் வரிசையாக வைப்போம். அண்ணன் "கார்டு காலி!" என்று குரல் கொடுப்பார். உடனே அவரவர் மெமரி கார்டை அழித்துக்கொள்ள வேண்டும். பாடத்தின் நடுவில் எந்தக் கேமராவும் இடமில்லை என்று அடம்பிடிக்கக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. பழைய படங்களை வீட்டிலேயே கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு வருவது வழக்கம்.

அன்று நான் பூசாரி வேடம் கட்டினேன். லென்ஸ் துடைக்கும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கேமராவாக எடுத்து, "எந்த ராசி, எந்த நட்சத்திரம்?" என்று கேட்டு, மூன்று சுற்றுச் சுற்றி, கார்டை அழித்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே போனேன். ஐந்தாவது கேமரா முருகவேலுடையது. அவன் கீழே ஆட்டோவை ஓரங்கட்டப் போயிருந்தான்.

"மீன ராசி. இந்த வருஷம் பாரம் கொறையும்" என்று சொல்லி அழுத்தினேன்.

கொட்டகையே கைதட்டிச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள்தான் முருகவேல் படியேறி வந்தான்.

"ஏம்ப்பா, பொங்கல் கண்காட்சிக்கு எடுத்த படம்லாம் அதுலதான கீது? இன்னும் மாத்தலன்னு நேத்து சொன்னானே" என்றார் அண்ணன்.

சிரிப்பு நின்றது. முருகவேல் என்னைத் திட்டவில்லை. கேமராவை வாங்கினான், மூடியைத் திறந்து கார்டை உருவினான், என் முன்னால் வைத்தான்.

"இந்தா. நீயே வெச்சிக்க" என்று சொல்லி இறங்கிப் போய்விட்டான்.

அண்ணன் அவன் பின்னாலேயே ஓடினார். பத்து நிமிடம் கழித்துத் தனியாகத் திரும்பி வந்து, என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துச் சொன்னார்: "அவன் சரின்னு சொன்னா நீ வா. இல்லாங்காட்டி வராத."

"அவன் இன்னாண்ணே சொன்னான்?"

"கெளம்புப்பா."

அன்று மாலைக்குள் வாட்ஸப் குழுவிலிருந்தும் நான் நீக்கப்பட்டிருந்தேன். என் பெயர் மண்ணாங்கட்டி. எனக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை என்பதால், எமனுக்கு ஆசை வராத பெயராகப் பார்த்து வைத்தார்கள். எமன் மட்டுமல்ல, யாருமே விரும்பாத ஆளாகிவிட்டேன் என்பது அந்த வாரம்தான் உறைத்தது. எட்டு வருடமாக எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்தக் கொட்டகைதான். அதிலும் முருகவேலும் நானும் அடி அண்ணாமலையில் அடுத்தடுத்த தெரு, ஒரே வகுப்பு, ஒரே பெஞ்ச். கேமரா வாங்கியதும் ஒரே வருடம். நான் கடையில் புதிதாக வாங்கினேன். அவன் ரமணாசிரமம் பக்கம் ஆறு மாதம் தங்கிவிட்டு ஊர் திரும்பிய ஓர் இத்தாலிக்காரரிடம் பழையதைப் பாதி விலைக்கு வாங்கினான். அவனுடையது என்னுடையதைவிட உயர்ந்த சாதனம் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அழிந்த படங்களை மீட்க முடியுமா என்று எழிலரசிக்குப் போன் செய்தேன். அவள் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். எங்கள் சங்கத்தில் எடிட்டிங் பாடமெல்லாம் அவளுடையது.

"முடியும்ணா. அந்தக் கார்டுல புதுசா ஒரு படம்கூட எடுக்காதீங்க" என்று ஒரு மென்பொருளின் பெயரைச் சொன்னாள். "பொறுமை வேணும். உங்களுக்கு அது கொஞ்சம் கம்மி" என்று போனை வைத்தாள்.

என் உரக்கடையில் அந்த வாரம் யூரியா கேட்டவர்களுக்குப் பொட்டாஷ் போனது. பில் போடும் கம்ப்யூட்டரில் கார்டைச் செருகிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மென்பொருள் ஒவ்வொரு படமாகத் தோண்டி எடுத்தது. சில முழுதாக வந்தன. பல பாதிவரை வந்து, கீழே வெறும் சாம்பல் நிறப் பட்டையாக நின்றன. மறுபடி தேட வைத்தேன், வேறு முறையில் தேட வைத்தேன், ஆறு நாள். நானூற்றுப் பதினொன்று தேறியது.

வேறு வேலையில்லாமல் அவற்றைப் பார்த்தேன். முருகவேலின் படங்களை அப்படி உட்கார்ந்து பார்த்தது அதுதான் முதல்முறை.

வேர்க்கடலை பிடுங்கும் பெண்களை எடுத்திருந்தான். ஒரு முகமும் இல்லை. மண் அப்பிய கைகள் மட்டும், வரிசையாகப் பதினாலு கை, ஒரு கையில் மட்டும் கண்ணாடி வளையல். அன்று நானும் அதே கடலைக் கொல்லையில்தான் நின்றேன். நான் மலையை எடுத்தேன். மலை எங்கே போய்விடப் போகிறது? இன்னொன்றில், கிரிவலப் பாதைக் குழாயடியில் ஒரு சாமியார் பல் விளக்கிக்கொண்டே பக்கத்திலிருக்கும் நாயிடம் ஏதோ நியாயம் கேட்கிறார். அடுத்தது நான். வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டிருக்கிறேன். என் சிரிப்பில் அவ்வளவு பல் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. ஆனால் என்னை அவ்வளவு அழகாக யாரும் எடுத்ததில்லை.

சனிக்கிழமை மத்தியானம் எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு, செங்கம் சாலை ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். வழியெல்லாம் ஒரே வாக்கியத்தை ஒத்திகை பார்த்தேன்: படம்லாம் ரொம்ப நல்லா கீதுடா. அவ்வளவுதான். குழந்தைகூடச் சொல்லிவிடும்.

முருகவேல் ஆட்டோவின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"இந்தாடா. நானூத்திப் பதினொண்ணு தேறிச்சி."

"அங்க வை."

"கொஞ்சம் படம் பாதிதான் வந்துது."

அவன் துடைத்துக்கொண்டேயிருந்தான். அந்த அமைதி என்னால் தாங்க முடியாதது. அமைதியைக் கண்டால் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"பாதி வெலைக்கு வாங்கின கேமராவாச்சே. பாதிதான வரும்?"

பக்கத்து ஆட்டோக்காரர்கூடச் சிரிக்கவில்லை. முருகவேல் துணியை உதறினான்.

"சவாரி கீது. வழி வுடு."

சவாரி எதுவும் இல்லை. வெறும் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனான். பென்டிரைவ் என் கையிலேயே இருந்தது.

மறுநாள் ஞாயிறு. வரக் கூடாது என்றார்கள், போனேன். மாடிப்படியின் பாதியில் எழிலரசி வழிமறித்தாள்.

"எதுக்குண்ணா வந்தீங்க?"

"படத்த குடுத்துட்டுப் போறேன் எழிலு. ஆறு நாளா கண்ணு பூத்துப்போச்சி."

அவள் பென்டிரைவைப் பார்த்தாள். அவள் முகத்தில் வந்தது சிரிப்பா இரக்கமா என்று தெரியவில்லை.

"அவர்கிட்ட எல்லாப் படமும் இருக்குண்ணா. அறுநூத்தி நாப்பதும். மேல போயிப் பாருங்க, பிரிண்ட் போட்டு மாட்டியாச்சி."

"எப்படி?"

"அந்தக் கேமராவுல ரெண்டு கார்டு. ஒரே படம் ரெண்டுலயும் பதியும். நீங்க அழிச்சது ஒண்ண."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"புரட்டாசில ஒரு மணிநேரம் அதத்தான் பாடம் எடுத்தாரு. எல்லாருக்கும் தெரியும், அன்னிக்கி சட்டுனு ஞாபகம் வரல. நீங்க என் பக்கத்துல ஒக்காந்து அவரு பேசறதுக்கெல்லாம் வாயாலயே ஆட்டோ ஹாரன் அடிச்சினு இருந்தீங்க."

"அப்பறம் ஏன் என்ன ஒரு வாரம் தோண்டவிட்ட?"

"கண்ணாயிரம் அண்ணன்தான் சொல்லாதன்னாரு. தோண்டட்டும்னாரு. எனக்கும் சரின்னுதான் பட்டுது."

நான் அவளைத் தாண்டி ஏறினேன்.

கொட்டகையில் பாடம் நடந்துகொண்டிருந்தது. முருகவேல்தான் எடுத்துக்கொண்டிருந்தான். திரையில் கோபுர வாசல் கூட்டம். ஒரே இடத்தில் கேமராவை நிறுத்தி இருபது படம் எடுத்து, அவற்றை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால், நடமாடுகிறவர்களெல்லாம் மறைந்து கட்டடம் மட்டும் தெரியும் வித்தை. அவன் பொத்தானைத் தட்டியதும் கூட்டம் முழுதும் மறைந்து, வாசல் ஆளற்று நின்றது. எல்லோரும் "ஆ" என்றார்கள்.

அண்ணன் என்னைப் பார்த்துவிட்டார். "இருபது இல்ல, இருநூறு அடுக்கினாலும் இவன் மட்டும் போவமாட்டான் போல."

அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்தக் கொட்டகையில் இன்னொருவர் ஜோக்குக்கு எல்லோரும் சிரித்தார்கள். நன்றாகத்தான் இருந்தது ஜோக். சுவரில் வேர்க்கடலைக் கைகள் பெரிதாகத் தொங்கின, சாம்பல் பட்டை இல்லாமல்.

"முருகவேலு, ஒரு படமும் போவல இல்ல?" என்றேன்.

"போவல."

"அப்ப எதுக்குடா கோவம்?"

"கோவமா? எனக்கா? பாடம் நடக்குது, ஒக்காரு. இல்ல கெளம்பு."

"ரெண்டும் மாட்டேன். சொல்லு."

"ஒண்ணுமில்லடா."

"ஒண்ணுமில்லாததுக்கா ஒரு வாரம் மூஞ்சியத் திருப்பினு போன? திட்டணும்னா எல்லார் எதிர்லயும் திட்டு. வாங்கிக்கிறேன்."

அண்ணன் எழுந்து என் தோளைப் பிடித்தார். "வா, கீழ போலாம்."

"வுடுண்ணே" என்றான் முருகவேல். மடிக்கணினியை மூடினான். திரை வெறும் வெள்ளையானது. அந்த வெளிச்சத்தில் அவன் நேராக என்னைப் பார்த்தான், ஒரு வாரத்தில் முதல்முறையாக.

"எட்டு வருஷமா எந்தப் படம் எடுத்தாலும் மொதல்ல உங்கிட்டதான் காட்டறேன். கோபுரத்த மழைல எடுத்தேன், காலண்டர்காரன் தேடினு கீறான்னு சொன்ன. எங்கம்மாவ எடுத்தேன், ரேஷன் கார்டுக்கான்னு கேட்ட. நல்லா கீதுன்னு ஒரு தபா சொன்னது கெடையாது. கார்டு போனா போவுது, இன்னொரு கார்டு கீது. அன்னிக்கி நான் மேல வரப்ப எல்லாரும் சிரிச்சினு இருந்தாங்க. நீ வயித்தெரிச்சல்ல திருட்டுத்தனமா அழிச்சிருந்தாக்கூட எனக்குப் பரவால்ல. அழிக்கறதுக்கு அதுல ஒண்ணுமே இல்லன்னு நெனச்சிதான்டா நீ அழுத்தின. அதான் கோவம்."