கர்டருக்கு அடியில் காலி வண்டி

இசக்கிபாண்டி டிரெய்லரை நிறுத்திவிட்டு இறங்கி அண்ணாந்து பார்த்தான். கம்பெனி வாசலுக்குக் குறுக்கே போன இரும்புக் கர்டர், கன்டெய்னரின் மேல்விளிம்பைவிட மூன்று விரல் தாழ்ந்திருந்தது. காலையில் இதே கர்டருக்கு அடியில்தான் உள்ளே போயிருந்தான்.

புது லைனுக்குக் குழாய் கொண்டுபோக, போன மாதம் போட்ட கர்டர் அது. கன்டெய்னர் இடிக்கும் என்று தெரிந்ததும் டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் ரகுபதி போனில் சொன்னார்: "ஒரகடம் ரோட்டுல கன்னியப்பன் பட்டறை கீது. ஸ்பிரிங் பட்டையக் கழட்டி வண்டிய எறக்கிக்கோ. கூரையில ஒரு கோடு விழுந்துச்சுன்னு வை, சாவிய வச்சிட்டு ஊருக்கு பஸ் ஏறு."

இவனுக்கு முன்னால் இந்த வண்டியை ஓட்டியவன் அப்படித்தான் பஸ் ஏறியிருந்தான். இசக்கிபாண்டி வேலைக்குச் சேர்ந்து பத்து நாள். வள்ளியூரில் இருக்கும் அக்காவிடம், "டிரெய்லர் ஓட்டுதேங்க்கா" என்று சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

பட்டறையில் இரண்டு நாள் காத்துக் கிடந்தான். கன்னியப்பன் ஜாக்கி கொடுத்து, ஒவ்வொரு ஸ்பிரிங் கட்டிலிருந்தும் இரண்டு பட்டைகளை உருவினார். பதினெட்டு டன் இரும்பு வார்ப்போடு வண்டி மூன்று அங்குலம் அமுங்கி உட்கார்ந்தது. கர்டர் உயரத்துக்கு வெட்டிய மூங்கில் கழியால் இரண்டு பேரும் மாறி மாறி அளந்தார்கள். இரண்டு விரல் இடைவெளி இருந்தது. காலி வண்டிக்கு எவ்வளவு என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை. இன்று கம்பெனிக்குள் பாரம் இறங்கியதும் மிச்சப் பட்டைகள் நிமிர்ந்தன. வண்டி எழுந்து நின்றுகொண்டது.

"இன்னாப்பா, வாசல்ல கூடாரம் போடப் போறியா?" கேட் செக்யூரிட்டி மோகன் விசிலைக் கையில் சுற்றிக்கொண்டு வந்தார். "ரெண்டரைக்கு ஷிப்ட் வுடும். ஸ்டாஃப் பஸ் வெளிய நிக்குது, பாரு."

"அண்ணாச்சி, அஞ்சாறு டன்ன திரும்ப ஏத்தித் தரச் சொல்லுங்க. வெளிய போயி இறக்கிக் குடுத்துருதேன்."

"ஸ்டோர்ல என்ட்ரி போட்டாச்சு. இனிமே கேட் பாஸ் இல்லாம ஒரு போல்ட்டு வெளிய போவாது. பாஸ்ல கையெழுத்துப் போடுற மேனேஜர் இன்னிக்கு லீவு."

இசக்கிபாண்டி ஒவ்வொரு டயராகக் குனிந்து காற்றை இறக்கினான். மூன்று நாளாகச் சரியாகத் தூங்காத கண்ணில் வெயில் குத்தியது. கடைசி டயரை முடித்துவிட்டு எழுந்திருக்க மனமில்லாமல் அப்படியே குத்தவைத்தான். "டயரு பிஞ்சி போவும், போதும்" என்றார் மோகன். கழியை வைத்துப் பார்த்தார்கள். இன்னும் ஒரு விரல் இடித்தது.

ஷிப்ட் விட்டது. நீல யூனிபாரத்தில் வந்த கூட்டம் வண்டிக்குப் பின்னால் அடைத்துக்கொண்டு நின்றது.

"யோவ் டிரைவரு, வூட்டுக்குப் போவணும். புள்ள பசியில கத்திகினு இருக்கும்" என்றாள் முன்னால் நின்ற சசிரேகா.

"வண்டி காலியா இருக்குக்கா. அதான் தூக்கிட்டு நிக்கி. கனம் இருந்தா இறங்கிரும்."

"கனம்தான வேணும்? எங்கள ஏத்திக்கோ. இந்தா, இந்த குண்டனே ஒரு டன்னு இருப்பான்."

கூட்டம் சிரித்தது. இசக்கிபாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் மோகனைத் திரும்பிப் பார்த்தான். "அண்ணாச்சி, இவங்களுக்குக் கேட் பாஸ் வேணுமா?"

மோகன் கொஞ்ச நேரம் மோவாயைச் சொறிந்தார். "ஆளுக்கு இன்னாத்துக்கு பாஸ்? கார்டு அடிச்சா போதும்." பிறகு கூட்டத்தைப் பார்த்து விசில் ஊதினார். "கார்டு அடிச்சவங்க வண்டில ஏறு! பையத் தொறந்து காட்டிட்டு ஏறு!"

எண்பது பேர் ஏறினார்கள். உள்ளே சூளை மாதிரி கொதித்தது. "முன்னால தள்ளு", "கால மிதிக்காத", "எவன்டா அது, டியூட்டி முடிஞ்சும் கிரீஸ் கையோட" என்று ஒரே இரைச்சல். சசிரேகா கதவோரம் நின்று, "ஒட்டகம் ஒக்காந்துச்சா, இல்லியா?" என்று கத்தினாள்.

மோகன் கம்பெனி ஏணியில் ஏறிக் கர்டருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு போஸ்ட்கார்டை நுழைத்தார். அது போனது. "வா... வா... மெதுவா வா!"

இசக்கிபாண்டி கிளட்சை விட்டான். மேலே 'கிரீச்' என்று சத்தம் வரப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். பாதி வண்டி போனது. முக்கால் போனது. "யாரும் அசையாத! தும்மக் கூடாது!" என்ற மோகனின் குரல் பின்னால் தள்ளிக் கேட்டபோதுதான், முழு வண்டியும் ரோட்டில் நிற்பது புரிந்தது.

எல்லோரும் குதித்து பஸ்ஸுக்கு ஓடினார்கள். அவன் கூரைமேல் ஏறி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கையால் தடவிப் பார்த்தான். தூசி மட்டும்தான் ஒட்டியது. இறங்கி வந்து செக்யூரிட்டி அறையிலிருந்து ரகுபதிக்குப் போன் போட்டான்.

"ஒரு கோடு இல்ல அண்ணாச்சி."

"அப்டியா? பரவால்லியே! இத்தன டிரைவருல எவனும் அங்க போவ மாட்டன்றான். பட்டையக் கழட்டின வண்டி வேற. அதே லோடு நாளைக்கும் கீது, நீயே எடுத்துனு போ. டெய்லி உனக்குத்தான் அந்த ரூட்டு."

"சரிங்க" என்று போனை வைத்தான். வேலை நிலைத்துவிட்டது. உடம்பை எங்கேயாவது கிடத்தினால் போதும் என்றிருந்தது.

"இன்னா சொல்றாரு?" என்றார் மோகன்.

"நாளைக்கும் வரச் சொல்லுதாவ. தினமும்."

மோகன் அவன் முகத்தைப் பார்த்தார். பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். "அப்ப ரெண்டு மணிக்குள்ள எறக்கி முடிச்சிடு. ஷிப்ட் ஆளுங்கள ஏத்திகினு பஸ்ஸு பூட்ச்சுன்னா உனக்கு வெயிட்டுக்கு நான் ஒருத்தன்தான்."