கிழக்கு கேலரி உடைகிற சத்தம்

வீட்டுக்குள் நுழையுமுன் அவன் குழாயடியில் தலையை நீட்டி, முடியில் படிந்த சிமென்ட் தூசியை மூன்றாம் முறையாக அலசிக்கொண்டிருந்தான். பதினோரு நாளாக இதே கூத்துதான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வருவான், அலசுவான், சட்டை மாற்றுவான், அப்புறம்தான் அப்பாவின் அறைக்குள் போவான். பஸ் டிப்போவில் வேலை என்று அவரிடம் சொல்லிவைத்திருந்தான். உண்மையில் இரண்டு தெரு தள்ளி, கால்பந்து மைதானத்தின் கிழக்கு கேலரியை உடைக்கிற பிரேக்கர் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த மைதானத்துப் புல்லை முப்பத்தாறு வருஷம் பிள்ளை மாதிரி வளர்த்தவர் அப்பா.

"காதுக்குப் பின்னாடி இன்னும் வெள்ளையா இருக்கு," என்றாள் அக்கா. துண்டை நீட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "டாக்டர் வந்துட்டுப் போனாரு. இன்னிக்குத் தாண்டறது கஷ்டமாம்."

"அதுவரைக்கும் அவருக்குத் தெரியாம இருந்தாப் போதும்க்கா."

அப்பா ஒவ்வொரு முறை கண் விழிக்கும்போதும் வேறொரு வருஷத்தில் விழித்தார். காலையில் அவர் கண்ணுக்கு மைதானமே இல்லை. செங்கல் சூளைக்காரர்கள் மண்ணெடுத்த பள்ளம் மட்டும் இருந்தது. பத்து மணிக்குள் பள்ளத்தைத் தூர்த்து மரப்பலகை கேலரி போட்டாயிற்று. ஒரு அடைமழையில் பலகைகள் சரிந்து, அவற்றின் மேலேயே கான்கிரீட் எழும்பியது. அக்கா பஞ்சில் தண்ணீர் நனைத்து உதட்டில் வைத்தபோது விளக்குக் கம்பங்கள் நடுகிறார்கள், தள்ளி நில் என்றார். எந்த வருஷம் என்று பார்த்து அதற்குத் தக்க பதில் சொல்வதே வீட்டிலிருந்தவர்களுக்கு வேலையாகிப் போனது.

"எத்தனை தப்படி?" என்றார் இப்போது, அவன் கட்டிலருகே வந்து நின்றதும்.

"பன்னிரண்டுப்பா."

பெனால்டி புள்ளிக்கு அவர் டேப்பைத் தொட்டதே இல்லை. கோல் கோட்டிலிருந்து பன்னிரண்டு தப்படி நடப்பார், நின்ற இடத்தில் சுண்ணாம்பை வைப்பார். லாரியில் அடிபட்டு வலதுகால் குட்டையான பிறகும் அதே பன்னிரண்டுதான். ஆகவே இரண்டு பக்கமும் புள்ளி கோலுக்கு ஒன்றரை அடி கிட்டத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. பாவம், கோல்கீப்பர்கள் தங்கள் தலையெழுத்தை நொந்துகொண்டார்கள். புதுப்பிக்கும் வேலைக்கு அளக்க வந்த பொறியாளர்தான் கண்டுபிடித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அப்பா கண்ணைத் திறந்து அவனையே பார்த்தார். அந்தப் பார்வை இன்றைய தேதியில் இருந்தது.

"சத்தத்தைக் காணோமே."

"என்ன சத்தம்பா?"

"கேலரி உடைக்கிற சத்தம்."

அவன் கை காதுக்குப் பின்னால் போனது. "யாரோ உடைக்கிறாங்க போல. எனக்கென்ன தெரியும்."

"மத்தவன்லாம் கடகடன்னு அடிச்சுத் தள்ளுவான்," என்றார் அப்பா, மூச்சு வாங்கி வாங்கி. "ரெண்டு அடி அடிச்சிட்டு, பெயர்ந்துச்சான்னு நின்னு பாக்கிறவன் நீ ஒருத்தன்தான். வீட்டுல ஆணி அடிச்சாலே அப்படித்தானே. மொத நாளே தெரிஞ்சுபோச்சு."

முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. பதினோரு நாளும் அலசின தலையோடு அப்படியே நின்றான்.

"கோவமாப்பா?"

"ஓட்டை கேலரி. மழை பேஞ்சா கூரைக்குக் கீழயும் குடை பிடிக்கணும்." அவர் சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. "நீ அடிக்கிறது கேட்டாத்தான் தூக்கமே வருது. போ. சாப்பாட்டு நேரம் முடிஞ்சிருக்கும்."

"இன்னிக்குப் போகலப்பா. உங்ககூடவே இருக்கேன்."

"இருந்து? என் மூக்கையே பாத்துக்கிட்டு உக்காரப் போறியா? போடா."

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் போய் ஜன்னல் கதவுகளை அகலத் திறந்துவைத்தாள்.

வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது மைதானம் புழுதிமூட்டத்துக்குள் மிதந்துகொண்டிருந்தது. இரண்டு அடி, ஒரு நிறுத்தம். இரண்டு அடி, ஒரு நிறுத்தம். கான்கிரீட் படிகள் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. அடியிலிருந்து கறுத்துப்போன மரப்பலகைகள் எட்டிப் பார்த்தன. பலகைகளுக்கும் கீழே, பள்ளத்தின் ஈரக் களிமண் வெளிச்சத்துக்கு வந்தது. அவனுக்குக் களைப்பே தெரியவில்லை. அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதே போதுமாக இருந்தது.

நாலு மணிவாக்கில் அக்கா தகர வேலியோரம் வந்து நின்றாள். ஓடி வரவில்லை, இனி அவசரப்பட ஒன்றுமில்லாதவள் மாதிரி நடந்துதான் வந்திருந்தாள். கையை ஆட்டவில்லை, கூப்பிடவும் இல்லை. மேஸ்திரி அவளைப் பார்த்தார், பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தார். கையில் வைத்திருந்த பீடியைக் கீழே போட்டார்.

இரண்டாவது அடி முடிந்து, அவன் கை லீவரின் மேல் நின்றிருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டால் வீடுவரை ஒன்றும் கேட்காது.

அவன் லீவரை மறுபடி முன்னால் தள்ளினான். அக்கா வேலியருகே கிடந்த கல்லில் உட்கார்ந்து, அந்தப் படி வரிசையை அவன் முடிக்கும்வரை காத்திருந்தாள்.