தண்ணீர் வலது பக்கம்

என் மனைவி பாக்கியலட்சுமியை நடக்க வைத்தது நான்தான் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தேன். ரயில்வேயில் அதிகாரம் செய்து பழகிய வாய், சும்மா இருக்குமா?

தொண்ணூற்றைந்தாம் வருஷம் அவளுக்கு மறதி ஆரம்பித்தது. சாம்பாரில் இரண்டு தடவை உப்பு விழும். பேரன் பெயர் தொண்டையிலேயே நிற்கும். மைசூரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம்.

“பயப்படாதீங்க, மறதி கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். தினமும் வேகமா நடக்கணும். நடக்கறப்போ பேச முடியணும், பாட முடியக் கூடாது. அந்த வேகம்” என்றார்.

அன்றிலிருந்து விடிந்ததும் குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றினோம். முதலில் அவள் பத்தடிக்கு ஒருதரம் நின்றாள். தீபாவளிக்குள் அவள் இழுத்த இழுப்புக்கு நான் மூச்சிரைக்க ஓட வேண்டியதாயிற்று. கையை மட்டும் விட மாட்டேன். ஒருநாள், மறந்த குடையை எடுக்கத் திரும்பியவள் வேறு பாதையில் இறங்கி மெயின் ரோட்டுக்குப் போய்விட்டாள். கண்டுபிடிப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

“ஒருநாளாவது என்னைத் தனியா விடுங்களேன். நான் என்ன சின்னப் பிள்ளையா?” என்பாள்.

“விட்டா அவ்வளவுதான். பேசாம நட.”

ஒரு தூறல் நாள். ஏரியின் நுழைவு கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். சேற்றில் என் கால் பிசகியது. கணுக்கால் வீங்கிவிட்டது, எழுந்திருக்க முடியவில்லை. சுற்றிலும் ஆளே இல்லை.

“வந்த வழியே திரும்பிப் போ. கேட்டுல எளநீர்க்கார மஞ்சுநாத் இருப்பான், கூட்டிட்டு வா” என்றேன்.

அவள் ஏரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு முன்பக்கமாக ஓடத் தொடங்கினாள்.

“அடியே, அந்தப் பக்கம் இல்லடி” என்று கத்தினேன். தொண்டை வறண்டதுதான் மிச்சம். வளைவில் மறைந்துவிட்டாள்.

போச்சு, எல்லாம் போச்சு என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். பாதி வழியில் எதற்குப் போகிறோம் என்பதே மறந்துவிடுமே. ஈர மண்ணில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன்.

வெகுநேரம் கழித்து எனக்குப் பின்னாலிருந்து, கேட் பக்கமிருந்து, அவள் குரல் கேட்டது. “இதோ இருக்கார்.”

கூடவே மஞ்சுநாத், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. “அம்மா ஓடோடி பந்த்ரு சார்” என்றான், ஓடோடி வந்தாங்க என்பதைக் கன்னடத்தில்.

“ஏன்டி, கேட் பக்கத்துலயே இருக்கு. அதுக்கு ஏரியையே சுத்துவியா?”

“திரும்பினா எனக்குக் குழம்பிடும், உங்களுக்கே தெரியும். தண்ணி வலது கைப்பக்கமே இருந்தா கேட் தானா வந்துடும், அதைத் தாண்டினா நீங்களும் வந்துடுவீங்க. மறந்துடக் கூடாதேன்னு ‘கால் பிசகிடுச்சு, மஞ்சுநாத்’னு சொல்லிக்கிட்டே வந்தேன்.”

தன் மறதியை என்னைவிட அவள் நன்றாக அறிந்திருந்தாள். அதற்கு ஒரு வழியும் வைத்திருந்தாள். அந்த வழி முழுவதையும் வாய் ஓயாமல் ஓட்டமும் நடையுமாகக் கடக்க மூச்சும் சேர்த்துவைத்திருந்தாள். என்ன பெண்பிள்ளை இவள் என்று பெருமையாக இருந்தது.

மறுநாள் காலையில் நான் காலில் கட்டோடு கிடந்தேன். அவள் கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

“நான் வர்ற வரைக்கும் நீங்க தனியா இருந்துடுவீங்களா?” என்று கேட்டாள்.

“இருந்துடறேன். போயிட்டு வா” என்றேன்.