விரிசலில் ஒட்டிய கண்ணாடி

பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் இரண்டாவது சந்தில் ஒரு பழைய மாடிக் கட்டடம் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு தோல் வியாபாரி, கீழே மண்டி, மேலே குடும்பம் என்று பார்த்துப் பார்த்துக் கட்டியது. சுண்ணாம்புச் சுவர், தேக்கு உத்திரம், யானை ஏறினாலும் தாங்கும் என்று ஊரில் பேச்சு. யானை ஏறவில்லை. வாரிசுகள் ஏறினார்கள், அடித்துக்கொண்டார்கள், கூறு போட்டு விற்றார்கள். வாங்கியவர்கள் கூடத்தின் நடுவே சுவர் எழுப்பினார்கள், பழைய சுவரைக் குடைந்து குழாய் விட்டார்கள், மொட்டை மாடியில் ஆளுக்கொரு தண்ணீர்த் தொட்டியை ஏற்றினார்கள். பிறகு வாசலில் 'ராயல் ஹெரிடேஜ் அபார்ட்மெண்ட்ஸ்' என்று பலகை மாட்டிவிட்டுத் திருப்தியாகத் தூங்கினார்கள். ஊர் மட்டும் கடைசிவரை தோல்மண்டி மாடி என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த மொட்டை மாடியில், தொட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்த ஒற்றை அறையில் சைனம்பு குடியிருந்தாள். அவள் புருஷன் மஸ்தான் படங்களுக்குக் கண்ணாடி போட்டு ஃபிரேம் மாட்டித் தரும் கடை வைத்திருந்தவர். கடைசி வாரிசு கையைப் பிசைந்துகொண்டு நின்ற சமயத்தில் அவனிடமிருந்து இந்த அறையை வாங்கினார். வாங்கிய சந்தோஷத்தில் பத்திரத்தைச் சரியாகப் படிக்கவில்லை. மற்ற வீடுகளின் பத்திரத்திலெல்லாம் கட்டடம் நிற்கிற மனையில் இவ்வளவு பங்கு என்று எழுதியிருந்தது. மஸ்தானின் பத்திரத்தில் அறை மட்டும் இருந்தது, மண் இல்லை. கட்டடம் நிற்கிறவரை அறை அவர்களுடையது. இடித்துவிட்டால் சைனம்பு ஆகாயத்தில் ஒரு அறைக்குச் சொந்தக்காரி.

மஸ்தான் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு அந்த அறைதான் எல்லாம். மகள் ஷாகிதா ஆவடியில் மாமியார், மாமனார், நாத்தனார் என்று ஒரு சின்ன வாடகை வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தாள். அங்கே போய் இரண்டு நாள் தங்கினாலே மருமகனின் முகம் மூன்றாம் நாள் காலையில் மாறிவிடும். சைனம்பு அதைப் பார்த்தவள்.

போன வருஷத்து மழையில் படிக்கட்டுச் சுவரில் விரிசல் விட்டது. மொட்டை மாடிக் கதவுக்குப் பக்கத்தில் தொடங்கி, அதன் நேர் கீழ் வீட்டுச் சமையலறை வரை இறங்கியது. அசோசியேஷன் செயலாளர் சம்பந்தம், ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு எஞ்சினியரைக் கூட்டி வந்தார். முகமது ஆசிக் என்று மீசை இன்னும் சரியாக வராத பையன். அவன் விரிசலுக்குக் குறுக்கே, அந்தக் கதவண்டையில், ஒரு கண்ணாடித் துண்டு வைத்து, இரண்டு முனையிலும் சிமெண்ட் பூசி, பக்கத்தில் தேதி எழுதினான். சுவர் அசைந்தால் முதலில் கண்ணாடி உடையும், உடைந்தால் ஒருவர் பாக்கியில்லாமல் அன்றைக்கே காலி செய்ய வேண்டும் என்றான்.

காலி செய்வது என்றால் அப்புறம் இடிப்பதுதான். இடித்தால் புதிதாக லிஃப்ட் வைத்துக் கட்டித் தர ஒரு பில்டர் ஏற்கெனவே சம்பந்தத்தின் வீட்டு சோபாவில் இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டுப் போயிருந்தார். அதனால் கண்ணாடி உடையக்கூடாது என்று பயந்தவர்களைவிட, சீக்கிரம் உடைந்தால் தேவலை என்று மனசுக்குள் நினைத்தவர்கள்தான் அந்த மாடியில் அதிகம். வாய்விட்டுச் சொல்லத்தான் யாருக்கும் துணிச்சல் இல்லை.

சைனம்பு மட்டும் சம்பந்தத்தைத் தனியாகப் பிடித்துக் கேட்டாள்.

"சார், இட்ச்சிட்டா எனக்கு இன்னா சார்?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாத்துக்கலாம் பாயம்மா" என்றார். இந்தப் 'பாத்துக்கலாம்' என்பதைச் சைனம்பு தன் ஆயுசில் நிறையக் கேட்டிருக்கிறாள். அதை நம்பி எழுந்து வந்தவர்கள் யாரும் ஒன்றையும் பார்த்ததில்லை. முட்டி வலியால் தன்னால் மேலே ஏற முடியாது, கண்ணாடியை வெள்ளிக்கிழமைதோறும் பார்த்துச் சொல்லும் பொறுப்பு உங்களுடையது என்று அவர் அதே மூச்சில் சொல்லி அனுப்பினார். வேலை கொடுக்க மட்டும் அவருக்கு அவள் நினைவு வந்தது.

ஆடி மாதத்தில் ஒரு காலை, துணி காயப்போட வந்தவள் பார்த்தாள். கண்ணாடி குறுக்கே கீறல் விட்டு நின்றது. பூனை தாவியிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். காற்றில் கதவு அடித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். மத்தியானம்வரை இப்படியே சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து மஸ்தானின் தகரப் பெட்டியை இழுத்தாள். கடையில் மிஞ்சிய கண்ணாடிகளும் அவர் கண்ணாடி அறுக்கும் வைரப் பேனாவும் அதில் இருந்தன. எத்தனையோ வருஷம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அளவு பிடித்துக் கொடுத்த கை. ஒரே இழுப்பில் துண்டு வெட்டினாள். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு, கரண்டியளவு சிமெண்ட் குழைத்துப் புதியதை ஒட்டினாள். வெள்ளிக்கிழமை சம்பந்தத்திடம் போய், "ஒண்ணும் ஆவல சார்" என்றாள். அவர் முகம் லேசாக வாடியதைக்கூட அவள் கவனித்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கண்ணாடி மறுபடி உடைந்தது. இந்தத் தடவை பூனையைச் சொல்ல அவளாலேயே முடியவில்லை. கட்டடம் நகர்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் நின்ற சுவர் இந்த ஒரு மழைக்கா விழப்போகிறது, மழை தாண்டட்டும், தை பிறந்ததும் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று அல்லாவிடம் தவணை கேட்டாள். கேட்டுவிட்டு, இன்னொரு துண்டை வெட்டி ஒட்டினாள்.

அதற்கு அடுத்த நாள் நேர் கீழ் வீட்டு அகல்யா மாடியேறி வந்தாள்.

அகல்யாவும் அவள் புருஷன் அசோக்கும் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இரண்டு பேரும் கம்ப்யூட்டர் வேலை. அவளுக்குத் தாய்வீடு கொரட்டூர். வந்த புதிதில் ஆன்ட்டி என்றவள், ஒரு காய்ச்சலில் சைனம்பு கஞ்சி வைத்துக் கொடுத்த பிறகு அம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நாட்களில் மீட்டிங் நடுவே கேமராவை மறைத்துவிட்டு மேலே ஓடிவந்து ஒரு வாய் டீ குடித்துவிட்டுப் போவாள். அன்றைக்கு அவள் முகம் வெளுத்திருந்தது. சமையலறையில் காரை கொட்டுகிறதாம், மழை விடும்வரை கொரட்டூருக்குப் போய்விடலாம் என்று பையெல்லாம் கட்டி வைத்துவிட்டாளாம். அசோக்தான், கண்ணாடி உடையாதபோது எதற்குப் பயப்படுகிறாய் என்று சிரிக்கிறானாம்.

"நீங்க சொல்லுங்கம்மா. போகவா, இருக்கவா?"

சைனம்பு மனசுக்குள் கணக்குப் போட்டாள். இவள் போனால் மற்றவர்களும் கேட்பார்கள். எல்லாரும் மேலே வந்து பார்ப்பார்கள். அந்தப் பையன் ஆசிக் வருவான். அவன் கண்ணாடியைத் தொட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவான். போ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காரணம் சொல்லாமல்கூடச் சொல்லியிருக்கலாம். பாவி மனுஷி அகல்யாவின் கையைப் பிடித்துச் சுவரண்டை கூட்டிப்போய்க் காட்டினாள்.

"பாரு. நல்லா கீது. ஒண்ணும் ஆவாது, இரு."

அகல்யா அந்தக் கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்தாள். புதுக் கண்ணாடி, பளபளவென்று இருந்தது. அவள் மூச்சை விட்டுச் சிரித்துவிட்டுக் கீழே போய்ப் பையைப் பிரித்தாள்.

மழை இரண்டு நாள் விடாமல் அடித்த பிறகு ஒரு காலையில் சைனம்பு பால் வாங்கிக்கொண்டு படியேறி வந்தாள். முதல் மாடி தாண்டும்போது மேலே மரம் முறிகிற சத்தம் கேட்டது. அப்புறம் சுவர் வந்தது. படிக்கட்டுச் சுவரும் உத்திரமும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் அகல்யாவின் சமையலறைக்குள் இறங்கின. அகல்யா உள்ளே இருந்தாள், அசோக் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தான். சுண்ணாம்புப் புகை அடங்குவதற்குள் எல்லாரும் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். சைனம்பு மேலே ஓடினாள். ஃபயர் சர்வீஸ் வருகிறவரை வெறுங்கையால் செங்கல்லை எடுத்து எறிந்துகொண்டே இருந்தாள். நகம் பெயர்ந்தது, விரல் கிழிந்தது, அவளுக்குத் தெரியவில்லை. அகல்யாவின் தலையும் தோளும் வெளியே வந்தபோது அந்தப் பெண்ணுக்கு மூச்சு இருந்தது. இடுப்புக்குக் கீழே உத்திரம் கிடந்தது.

சிமெண்டோடு சுவரை விட்டுக் கழன்ற அந்தக் கண்ணாடித் துண்டு இடிபாட்டிலிருந்து முழுசாகக் கிடைத்தது. அதைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போனது. கண்ணாடியே உடையவில்லை, அப்படியென்றால் ஒட்டியதில்தான் கோளாறு என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஆசிக்கை வீட்டிலிருந்து அழைத்துப் போனார்கள். அவன் அம்மா ஸ்டேஷன் வாசலில் தலையில் முக்காட்டோடு நனைந்துகொண்டு நின்றாள் என்று ஷாகிதா சொன்னாள்.

மாடிக்காரர்களைப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் தங்க வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் சம்பந்தம் எழுந்து நின்றார். கட்டடத்தை இடிக்க உத்தரவாகிவிட்டது, பில்டரிடம் பேசியாகிவிட்டது என்றார். குரல் தழுதழுத்தது, அதில் நடிப்பில்லை. "பாயம்மாவுக்கும் ஒரு வீடு. கீழ்த்தளத்துல. அவங்க கையைப் பாருங்க. இதுக்கு யாராவது மறுத்துப் பேசுவீங்களா?" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். பெண்கள் வந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். இரண்டு கையிலும் வெள்ளைக் கட்டோடு அவள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். எந்த வீட்டுக்காக அவள் இத்தனையும் செய்தாளோ அந்த வீடு அவள் மடியில் வந்து விழுந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வராந்தாவில் அசோக் முள்ளு முள்ளாய் தாடி வளர்ந்து உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டான். முதுகெலும்பில் அடி, கால் இரண்டும் இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அகல்யாவுக்கும் தெரியும் என்றான். நான்தான் போக வேண்டாம் என்றேன் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அகல்யா கட்டிலில் நீட்டிப் படுத்திருந்தாள். சைனம்பு உட்கார்ந்ததும் கட்டுப் போட்ட கையின் மேல் தன் கையை வைத்தாள்.

"நீங்க இல்லன்னா நான் அங்கயே போயிருப்பேன்மா" என்றாள். அப்புறம், "அந்த எஞ்சினியரை நான் விடமாட்டேன். இங்க படுத்துக்கிட்டே சாட்சி சொல்வேன். அவன் ஒழுங்கா ஒட்டியிருந்தா கண்ணாடி ஒடைஞ்சிருக்கும். நீங்க பாத்திருப்பீங்க. நான் அன்னிக்கே கொரட்டூர் போயிருப்பேன்" என்றாள்.

சைனம்பு அந்தக் கட்டிலின் கால்மாட்டைப் பார்த்தாள். போர்வைக்குள் இரண்டு பாதங்களும் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. பேசாமல் இருந்துவிடலாம். கீழ்த்தளத்தில் வீடு இருக்கிறது. ஆசிக் சின்னப் பையன், நாலு வருஷத்தில் எழுந்துவிடுவான். இதையெல்லாம் அவள் நினைத்தாள், நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தக் கை அவள் கை மேலேயே இருந்தது.

"ஒட்ஞ்சிச்சிம்மா" என்றாள்.

"என்னது?"

"கண்ணாடி. ரெண்டு தபா ஒட்ஞ்சிச்சி. நான்தான் வேற வெட்டி ஒட்டனேன். ஊடு போய்டும்னு."

அகல்யாவுக்கு உடனே புரியவில்லை. அவள் கண் சைனம்புவின் முகத்தில் எதையோ தேடியது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நான் தொட்டுப் பாத்தேனே, அது?"

"அது நான் ஒட்டனது. நீ வர்றதுக்கு மொத நாளு."

வெளியே யாரோ ஸ்டீல் தட்டைக் கீழே போட்டார்கள். அகல்யா தன் கையை எடுத்துக்கொண்டாள். அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் சைனம்பு காலைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பாள். அந்தப் பெண் வாசல் பக்கம் தலையைத் திருப்பி, "அசோக், இவங்களை வெளிய கூட்டிட்டுப் போ" என்றாள்.

அம்மா என்று அவள் சொல்லவில்லை. ஆன்ட்டி என்றுகூடச் சொல்லவில்லை.

விஷயம் தெரியாத அசோக், அவள் வலியில்தான் எரிச்சல்படுகிறாள், நீங்கள் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டே கீழே வந்தான். கட்டுப் போட்ட கையோடு பஸ்ஸில் போகவேண்டாம், வண்டியில் கொண்டுவிடுகிறேன் என்று சாவியை எடுத்தான். உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றான். அந்தத் தோளைத் தொட சைனம்புவால் முடியவில்லை. வண்டியில் ஏறாமல், நின்ற இடத்திலேயே அவனிடமும் சொன்னாள். மேலே ஒரு தடவை சொல்லியாகிவிட்டது, இரண்டாவது தடவை சுலபமாக வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. அசோக் கேட்டுக்கொண்டு நின்றான். வண்டியிலிருந்து சாவியை உருவிக்கொண்டு படியேறிப் போனான்.

பஸ்ஸில் கூட்டம். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து, வாங்கிக்கொள்ள விரல் கட்டுக்கு வெளியே தெரியாததைப் பார்த்து, அவள் முந்தானையில் செருகிவிட்டு, எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டார். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் என்றாள். கம்பியைப் பிடிக்க முடியாமல் முழங்கையை மடக்கி மாட்டிக்கொண்டு நின்றவளை, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் பார்த்தாள். கையில் கூடையோடு அவசரமாக எழுந்தாள்.

"அய்ய, ரெண்டு கையிலயும் கட்டு போட்டுகினு நிக்கிறியேம்மா. வா, இப்டி வந்து குந்து."

பக்கத்தில் இருந்தவர்களும் வழி விட்டார்கள். சீட் காலியாக இருந்தது. சைனம்பு வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, இறங்குகிறவரை நின்றுகொண்டே போனாள்.