நன்றி சொல்ல வந்தவர்

உளவியலாளர்களின் உரிமங்களைக் கண்காணிக்கும் எங்கள் வாரியத்தில் நால்வர் அத்துறையினர். ஐந்தாவது நாற்காலி பொதுமக்களில் ஒருவருக்கு உரியது. பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றபின் அதில் என்னை அமர்த்தினார்கள். ஏப்ரல் மாதத்தில் ஒரு காலை, எங்கள் மாநிலத் தலைநகரான பாய்சியில், டாக்டர் நோரீன் வாட்லியின் வழக்கு எங்கள் முன் வந்தது.

அவரிடம் சிகிச்சை பெற்றவர் ஃபெலிக்ஸ் அச்சபால் என்னும் ஆட்டுப்பண்ணைக்காரர். டிராக்டர் கவிழ்ந்து மகன் இறந்ததிலிருந்து, தாம் மட்டும் உயிரோடிருப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. வியாழன்தோறும் கணினித் திரை வழியே டாக்டருடன் பேசிய ஒரு மணி நேரமே அவரை இவ்வுலகில் நிறுத்தி வைத்திருந்தது. சென்ற அக்டோபரில் கண்பார்வை மங்கி, வண்டி ஓட்ட இயலாமல், ஸ்நேக் நதிக்கு அப்பாலுள்ள தங்கை வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். பாலத்தைக் கடந்தால் ஓரிகன் மாநிலம்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. எல்லை தாண்டிச் சிகிச்சை அளிப்பதற்குப் பல மாநிலங்கள் தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டிருந்தன. ஓரிகன் அதில் சேரவில்லை; அங்கிருப்பவருக்குச் சிகிச்சை அளிக்க எங்கள் மாநில உரிமம் செல்லாது. நோயாளி எந்த மண்ணில் அமர்ந்திருக்கிறாரோ அந்த மண்ணின் சட்டமே செல்லும். ஆகவே ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் அவர் இருக்குமிடத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்வது இத்தொழிலின் முறை.

நவம்பரில் ஒரு வியாழனன்று டாக்டர் கேட்டபோது, "தங்கச்சி வீட்டுச் சமையலறையில இருக்கேன். இன்னைக்கு நீங்க பேசலைன்னா நாளைக்கு எங்க இருப்பேன்னு தெரியாது" என்றார் ஃபெலிக்ஸ். டாக்டர் தொடர்பைத் துண்டிக்கவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதியும் வைத்தார். ஃபெலிக்ஸின் முகவரி மாறியிருப்பதைக் கவனித்த காப்பீட்டு நிறுவனம் எங்களிடம் புகார் செய்தது.

டாக்டரின் வழக்கறிஞர் கிம்பல் எளிய வாதத்தை முன்வைத்தார். அது உயிர் காக்கும் அவசரம். ஒரே ஓர் அமர்வு. ஏனைய வாரங்களின் குறிப்புகளில் இடம் எழுதப்படாததற்கு மறதியே காரணம். அந்நாட்களில் தங்கை அவரைப் பாலத்துக்கு இப்பால் அழைத்து வந்திருக்கலாம். மறுக்க எங்களிடம் சான்று இல்லை. தலைவி ராஸ்முசென் அம்மையார் என் பக்கம் சாய்ந்து, "ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோட முடிச்சிடலாம் வாத்தியாரே. அது தண்டனைக் கணக்குல வராது" என்று முணுமுணுத்தார்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெரிய தொப்பி எழுந்தது.

"நான் ரெண்டு வார்த்தை பேசணும்."

"தேவையில்லை மிஸ்டர் அச்சபால், உக்காருங்க" என்றார் கிம்பல் பதற்றத்துடன்.

"நீங்க பேசினா மணிக்கு இவ்வளவுன்னு பில் வரும் வக்கீலய்யா. நான் சும்மாவே பேசறேன்."

அனைவரும் சிரித்துவிட்டோம். அனுமதியும் கொடுத்துவிட்டோம்.

தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு, எங்களை நோக்குவதாக எண்ணிச் சன்னலைப் பார்த்தபடி அவர் பேசினார். "இந்த அம்மா ஒரு நாள்தான் பேசினாங்கன்னு வக்கீல் சொல்றாரு. அது இவங்களுக்குச் செய்யற அநியாயம். குளிர்காலம் முழுக்கப் பேசினாங்க. தங்கச்சி காபி போட்டு வெச்சிட்டு வெங்காய மண்டிக்கு வேலைக்குப் போயிடுவா. நான் அதே சமையலறையில உக்காந்திருப்பேன். கிறிஸ்துமஸ் வாரத்துல கூட விடலை. நான் நின்னு பேசறேன்னா இவங்களாலதான். இதை நீங்க எழுதிக்கணும்."

டாக்டர் வாட்லி தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லா வாரமும் அந்தச் சமையலறைதானா? பாலத்துக்கு இந்தப் பக்கம் வரவே இல்லையா?" என்று தலைவி மெல்லக் கேட்டார்.

"எப்படி மேடம் வர்றது? நான் வண்டி ஓட்டினா என் ஆடுங்களே ஷெரீஃபைக் கூப்பிடும்."

இம்முறை எவரும் சிரிக்கவில்லை.

நாங்கள் ஐவரும் உள்ளறைக்குச் சென்றோம். எனக்குத் தெரிந்த வழியில் நான் தொடங்கினேன்: "ஒரு மேய்ச்சல் நாய். வேலியைத் தாண்டாதேன்னு பழக்கின நாய். ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம், பனியில மாட்டின ஆட்டுக்குட்டி கத்துது..."

"வேலி தாண்டற நாயை அடுத்த பண்ணைக்காரன் ஏன் சுடறான் வாத்தியாரே?" என்று தலைவி குறுக்கிட்டார். "எந்த நாய் குட்டியைக் காப்பாத்த வருது, எந்த நாய் கடிக்க வருதுன்னு அவனுக்குத் தெரியாது. போன வருஷம் வந்தானே ஒருத்தன், மூணு மாநிலத்துல நோயாளிங்களைக் கெடுத்துட்டு, ஒவ்வொரு தடவையும் எல்லை தாண்டிப் புதுப் பலகை மாட்டினவன்? அவனும் அவங்க நல்லதுக்குத்தான்னு சொன்னான். அவன் குறிப்புலயும் இடம் வெறுமையாத்தான் இருந்துச்சு. நோரீன் நல்லவங்க. எனக்கும் தெரியும். ஓரிகன்ல ஒரு ஆளைத் தேடிக் கொடுத்திருக்கலாம், நம்மகிட்ட வந்து கேட்டிருக்கலாம். குளிர்காலம் முழுக்க மறைச்சாங்க. அதை என்ன பண்றது, சொல்லுங்க."

உரிமத்தை நிறுத்துவதா என்று தலைவி வாக்குக் கேட்டார். ஐந்து கைகள் உயர்ந்தன. அவற்றில் ஒன்று என்னுடையது. உரிமம் ஓராண்டுக்கு நிறுத்தப்பட்டது. அதனோடு உடன்படிக்கை தந்திருந்த அனுமதியும் போயிற்று. நெவாடாவிலும் யூட்டாவிலும் அவரை நம்பியிருந்தவர்கள் அன்று மாலைக்குள் வேறு கதவுகளைத் தட்ட வேண்டியிருந்தது.

தீர்ப்பை அறிவித்துவிட்டு நாங்கள் வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் தங்கை ஃபெலிக்ஸிடம் அதை விளக்கி முடித்திருந்தாள். அவர் டாக்டரின் குரல் வந்த திசையில் கையை நீட்டினார்.

"நான் திரும்ப உள்ள போறேன் டாக்டர். பொய் சொன்னேன்னு சொல்றேன். பார்வை போனவன், எந்த வீட்ல இருந்தேன்னு எனக்கே தெரியலைன்னு சொல்றேன்."

"வேணாம் ஃபெலிக்ஸ். நீங்க சொன்னது நிஜம். எழுதாம விட்டது நான்."

"அப்போ வியாழக்கிழமை?"

"அந்தப் பக்கத்து டாக்டர் ஒருத்தர் பேரைத் தங்கச்சிகிட்டக் கொடுத்திருக்கேன். ஜூலையிலதான் அவருக்கு நேரம் இருக்காம்."

"ஜூலை வரைக்கும்?"

"ஒரு போன் நம்பரும் கொடுத்திருக்கேன். எந்த நேரமா இருந்தாலும் யாராவது எடுப்பாங்க."

"யாராவது" என்றார் ஃபெலிக்ஸ்.

டாக்டர் வாய் திறந்தார். பிறகு எங்களைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். தங்கை அண்ணனின் முழங்கையைப் பற்றி, ஒவ்வொரு படியையும் வாயால் சொல்லிச் சொல்லிக் கீழே இறக்கினாள்.